ரெக்கார்டிங் ஓடுது, பகடையை உருட்டுங்க!

பெரும்பாக்கத்தில் ஒருவர், கிழக்குத் தாம்பரத்தில் ஒருவர், சிங்கப்பூரில் அத்தை பையன், டொராண்டோவில் காலேஜ் தோழி. வாரம் ஒருநாள் ஆன்லைனில் கூடி, ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பகடையை உருட்டி உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ‘டி அண்ட் டி’ என்பார்கள். முழுப் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்கள் போர்வீரன், மந்திரவாதி, திருடி என்று கதைக்குள் புகுந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். நினைத்தது நடக்குமா என்பதை 20 முகப் பகடை தீர்மானிக்கும்.

மூன்று மணி நேரம் இப்படிப் பேசித் தீர்த்தபின், அடுத்த வாரம் ‘அந்தக் கிழவி கொடுத்த மோதிரம் யார்கிட்ட இருக்கு?’ என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு பதில் வரும். நைட் ஷிஃப்ட் என்று வராமல் போனவருக்கோ ஒன்றுமே தெரியாது. அதற்குத்தான் ரெக்கார்டிங். யூடியூபில் ஸ்டார் ஆவது எப்படி என்று இதில் தேடாதீர்கள். விட்ட இடத்தில் கதையைப் பிடிக்க என்ன வேண்டுமோ அது மட்டும்தான் இங்கே.

1. பட்டனை அழுத்தும் முன் அனுமதி கேளுங்கள். ‘ரெக்கார்ட் பண்ணலாமா? நமக்குள்ள மட்டும் வெச்சுக்கலாமா? வெளியில போடலாமா?’ மூன்றும் தனித்தனிக் கேள்விகள். முதல் இரண்டுக்குத் தலையாட்டியவர் மூன்றாவதற்கும் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 வயதுக்குக் கீழே யாராவது ஆடினால் அவர்கள் அம்மா அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புது ஆள் சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

2. நேரத்தை நம் கடிகாரத்தில் மட்டும் பார்க்காதீர்கள். ஞாயிறு காலை 7.30 நமக்கு வசதி. சிங்கப்பூரில் அப்போது காலை 10, டொராண்டோவில் சனி இரவு 9 அல்லது 10. ஆனால் லண்டனில் யாராவது இருந்தால் அவருக்கு அது நடுராத்திரி தாண்டிய நேரம். அவருக்காக சனி இரவு 8.30-க்கு மாற்றினால் லண்டனில் மாலை 3 அல்லது 4, டொராண்டோவில் காலை. ஆனால் சிங்கப்பூர்க்காரர் இரவு 11 மணிக்கு உட்கார வேண்டும். எல்லோருக்கும் பொருந்துகிற நேரம் என்று ஒன்று கிடையாது. யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறார் என்பதை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இதில் ‘அல்லது’ போட்டதற்குக் காரணம், டொராண்டோவிலும் லண்டனிலும் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான இடங்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். இடையில் வரும் அந்தச் சில வாரங்களில்தான் குழப்பமெல்லாம். டிஸ்கார்ட் என்ற குழு அரட்டைச் செயலியில் ‘ஈவென்ட்’ ஒன்று போட்டுவிட்டால் அவரவர் ஊர் நேரத்தில் அதுவே காட்டும்.

3. எதில் கூடுவது? கூகுள் மீட் இலவசக் கணக்கில் ரெக்கார்டிங் கிடையாது, மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடம். கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் ஆகும், போனில் ஆகாது. சண்டை சூடு பிடிக்கும்போது கூட்டம் கலைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? டிஸ்கார்டில் நேரக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் குழுவுக்கென்று ஒரு சர்வர் திறந்து, ‘கிரெய்க்’ என்ற இலவச ‘பாட்’ ஒன்றை, அதாவது தானாக இயங்கும் நிரலை, அதில் சேர்த்துவிடுங்கள். வாய்ஸ் சேனலுக்குள் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து ரெக்கார்ட் செய்யும். ரெக்கார்டிங் ஓடுகிறது என்று அதன் பெயரிலேயே தெரியும்.

4. கிரெய்க்கைப் பரிந்துரைத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது ஒவ்வொருவர் குரலையும் தனித்தனி ட்ராக்காகப் பிடிக்கிறது. எல்லோர் குரலும் ஒரே ஃபைலில் கலந்து கிடந்தால், தோழி முக்கியமான வசனம் பேசும்போது உங்கள் வீட்டுக் குக்கர் போட்ட விசிலை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. தனி ட்ராக் என்றால் அந்த இடத்தில் உங்கள் ட்ராக்கை மட்டும் ஊமையாக்கினால் போதும். இரண்டு, ரெக்கார்டிங் நடப்பது உங்கள் லேப்டாப்பில் அல்ல, எங்கோ இருக்கும் சர்வரில். இங்கே கரன்ட் போனாலும் மற்றவர்கள் பேசுவது அங்கே பதிவாகிக்கொண்டே இருக்கும். நம் ஏரியாவுக்கு இந்த இரண்டாவது காரணம் ஒன்றே போதும்.

இலவச அளவில் ஒரு ரெக்கார்டிங் 6 மணி நேரம் வரை ஓடும். 7 நாள்தான் வைத்திருக்கும். அதற்குள் டவுன்லோட் செய்யாவிட்டால் போனது போனதுதான். விளையாட்டு முடிந்த கையோடு லிங்க்கைத் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

5. ரவுட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யுபிஎஸ். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடிகள் போதும், ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து, நெட் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஓடிவிடும். 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே சின்ன பேட்டரி பெட்டிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது உங்கள் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் சுவரோரம் தனிப் பெட்டி ஒன்று இருந்தால் அதற்கும் இதே ஏற்பாடு வேண்டும். அது அணைந்தால் ரவுட்டர் மட்டும் விழித்திருந்து பயனில்லை.

பகல் ஆட்டம் என்றால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும்.

6. போன் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே ஒருமுறை இணைத்துப் பாஸ்வேர்டைச் சேமித்து வையுங்கள். குரல் மட்டும் என்றால் அன்றாட டேட்டா தாராளமாகத் தாங்கும். வீடியோவை அணைத்துவிடுங்கள்.

7. அறை. புதுக் கட்டடங்களில் வெறும் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். பேசுவதெல்லாம் எதிரொலித்துக்கொண்டு வரும். இதற்காக ஃபோம் வாங்கி ஒட்ட வேண்டியதில்லை. படுக்கையறையில், கட்டிலை ஒட்டி உட்காருங்கள். துணி அடுக்கிய பீரோவின் கதவைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசினால் குரல் சட்டென்று நெருக்கமாகிவிடும். குடியிருப்பு வாரிய வீடுகள் போலச் சின்ன அறை, பொருள்கள் நிறைந்த அறை என்றால் உண்மையில் உங்களுக்குத்தான் நல்ல ஒலி. பெரிய ஹாலில் சோஃபாவில் சாய்ந்து பேசுகிறவருக்குத்தான் எதிரொலித் தொல்லை.

8. ஃபேன் இல்லாமல் மே மாதம் யாராலும் ஆட முடியாது. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே மைக் இருந்தால் முழு ரெக்கார்டிங்கிலும் புயல் வீசும். நாற்காலியை மூலைக்கு நகர்த்துங்கள், அல்லது டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வையுங்கள்.

9. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். போனோடு வந்த சாதாரண ஒயர் இயர்போன் போதும். ஆனால் அதன் மைக் கழுத்துச் சங்கிலியிலோ துப்பட்டாவிலோ சட்டைக் காலரிலோ உரசாமல் ஒரு கிளிப் மாட்டுங்கள். அந்தக் கரகரப்பு பேசுகிறவருக்குக் கேட்காது, கேட்கிற எல்லோருக்கும் கேட்கும். ப்ளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு நன்றாக இருக்கும், மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் பெரும்பாலானவற்றில் ஒலித்தரம் இறங்கிவிடும். லேப்டாப் ஸ்பீக்கரில் எல்லோர் குரலையும் அலறவிட்டுக்கொண்டு ஆடுவது கூடவே கூடாது. தனித்தனி ட்ராக் எடுத்த பயனே போய்விடும். உங்கள் ட்ராக்கில் எல்லோரும் இருப்பார்கள்.

10. சத்தத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. தண்ணி லாரி மோட்டார் எத்தனை மணிக்கு, பக்கத்து வீட்டு மிக்ஸி எத்தனை மணிக்கு, ஆடி மாதம் அம்மன் கோவில் ஸ்பீக்கர் எந்தக் கிழமை என்பது வீட்டிலிருப்பவர்களுக்கு மனப்பாடம். அதைப் பார்த்து நேரம் வையுங்கள். டிஸ்கார்டிலேயே இருக்கும் ‘கிரிஸ்ப்’ என்ற சத்தம் குறைக்கும் வசதியை ஆன் செய்தால் ஃபேன், மிக்ஸி எல்லாம் பெருமளவு அடங்கும். பகடை உருளும் சத்தத்தையும் அது விழுங்கிவிடும், பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட இரவுகளில் ஏரிப் பக்கத்திலிருந்து வரும் தவளைக் கச்சேரியை மட்டும், கதையில் சதுப்பு நிலக் காட்சி ஓடினால், அணைக்காமல் விடுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இலவசமாகத் தரும் பின்னணி இசை.

11. டெலிவரி ஆள் போன் செய்தால் முதலில் ம்யூட், பிறகு ஹலோ. ‘செம்மொழி நிறுவனம் தாண்டி ரெண்டாவது லெஃப்ட், சி பிளாக், மூணாவது மாடி’ என்று வழி சொன்னது, கேட் கடவுச்சொல், ஓடிபி எல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கும். கதை ரெக்கார்டிங்கில் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய ஆபத்து டிராகன் அல்ல, இதுதான். வெளியே பகிரும் முன் இப்படிப்பட்ட இடங்களைத் தேடி வெட்டிவிடுங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பெயரும் இந்தக் கணக்கில் சேரும்.

12. ஆரம்பத்தில் ஒரு நிமிடம் சோதனை ரெக்கார்டிங் எடுத்துக் கேளுங்கள். அதன் பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் தன் பெயர், கேரக்டர் பெயர், அன்றைய தேதி சொல்லட்டும். ஆறு மாதம் கழித்து ஃபைலைத் திறக்கும்போது யார் குரல் எது என்று முழிக்க வேண்டாம்.

13. கண்ணால் பார்ப்பதை வாயால் சொல்லும் பழக்கம் வேண்டும். ‘நான் இங்க போறேன்’ என்று மேப்பில் காயை நகர்த்தினால் ரெக்கார்டிங்கில் அது எங்கே தெரியும்? ‘கிணத்துக்கு வடக்கால, ஆலமரத்துக்குப் பின்னாடி போறேன்’ என்று சொல்லுங்கள். பகடையும் அப்படித்தான்: ‘விழுந்தது 14, கூட 5, மொத்தம் 19’ என்று மூன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். ரோல்20 போன்ற தளத்தில் உருட்டினால் எண்ணிக்கை அங்கேயே எழுத்தில் தங்கிவிடும், ஏமாற்றுவதாகச் சந்தேகமும் வராது. ஆனாலும் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போது எல்லோர் மூச்சும் ஒரு நொடி நிற்குமே, பிறகு கேட்கும்போது சுவையே அந்த இடம்தான்.

கையால் உருட்டுகிறவர்கள், பகடைச் சத்தம் மைக்கில் இடிக்காமல் இருக்க, மேசை மேல் ஒரு துண்டை மடித்து விரித்துக்கொள்ளுங்கள்.

14. நடுவில் முக்கியமான இடம் வந்தால் குறித்துவையுங்கள். கிரெய்க்கில் ‘நோட்’ என்ற கட்டளை உண்டு, அடித்தால் அந்த நொடியோடு சேர்த்துக் குறிப்பு பதிவாகும். ‘மோதிரம் ரகு கையில்’, ‘அரண்மனைக் கடவுச்சொல் சொன்ன இடம்’ என்று நாலு சொல் போதும்.

15. வீடியோ தேவையா? என் அபிப்பிராயம், வேண்டாம். முகங்களைப் பார்த்துக்கொண்டு ஆடுவது சுகம். ஆனால் அதைப் பதிவு செய்து வைத்துப் பிறகு பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. மேப் முக்கியமான கதை என்றால் ‘ஓபிஎஸ் ஸ்டுடியோ’ என்ற இலவச மென்பொருளில் மேப் இருக்கும் விண்டோவை மட்டும் பிடியுங்கள். 720 அளவு, விநாடிக்கு 30 ஃபிரேம் தாராளம். ஃபைல் வகையில் எம்கேவி என்று வையுங்கள். நடுவில் கம்ப்யூட்டர் நின்றாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். பழைய எம்பி4 முறையில் முழு ஃபைலும் திறக்காமல் போகலாம். முடிந்தபின் ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

16. இடக் கணக்கு. சுருக்காத வேவ் ஃபைல் ஒருவர் குரலுக்கு மணிக்குச் சுமார் 345 எம்பி பிடிக்கும். ஐந்து பேர், மூன்று மணி நேரம் என்றால் 5 ஜிபியைத் தாண்டும். அதையே எல்லோர் குரலும் கலந்த ஒரே எம்பி3 ஆக, மோனோவில், 64 கேபிபிஎஸ் அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் மணிக்கு 29 எம்பி, மூன்று மணி நேரத்துக்கு 90 எம்பிக்குள். பேச்சுக்கு இது போதும். தனி ட்ராக்குகளைத் தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எல்ஏசி வகையில் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், எம்பி3-ஐ நண்பர்களுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும். டெலிகிராமிலும் அதே அளவு. டிஸ்கார்டில் இலவசக் கணக்குக்கு 10 எம்பிதான், அங்கே லிங்க் மட்டும் போடுங்கள்.

17. எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி இலவசம். மூன்றே வேலை செய்யுங்கள்: முன்னும் பின்னும் உள்ள ‘கேக்குதா, கேக்குதா’வை வெட்டுவது, நீண்ட மௌனங்களைச் சுருக்குவது, எல்லோர் குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு ‘ம்ம்’மையும் தேடித் தேடி எடுக்க உட்கார்ந்தால் மூன்றாம் வாரமே அலுத்துவிடும். சிரிப்பை மட்டும் வெட்டாதீர்கள்.

18. இனி முக்கியமானது. மூன்று மணி நேர ரெக்கார்டிங்கை அனுப்பினால் வராமல் போனவர் கேட்க மாட்டார். ‘கேக்கறேன் கேக்கறேன்’ என்பார், அடுத்த வாரம் வந்து மோதிரத்தைப் பற்றிக் கேட்பார். ஆகவே ரெக்கார்டிங்கோடு ஒரு பக்கச் சுருக்கமும் போக வேண்டும். எங்கே போனோம், யாரைச் சந்தித்தோம், என்ன கிடைத்தது, யாருக்கு எவ்வளவு அடி, கதை எந்த இடத்தில் நிற்கிறது. இந்த ஐந்தும் இருந்தால் போதும், அலங்காரம் வேண்டாம். பக்கத்தில் நிமிடக் குறிப்பு இருக்கட்டும்: ‘1:12:40 கிழவி மோதிரம் கொடுக்கிறாள்’. வேண்டியவர் அந்த இடத்தை மட்டும் கேட்டுக்கொள்வார்.

எழுதும் வேலையை டிஎம் தலையில் கட்டாதீர்கள். முறை வைத்து ஒவ்வொரு வாரமும் ஒருவர். எழுதியவருக்கு விளையாட்டிலேயே உள்ள ‘இன்ஸ்பிரேஷன்’ ஒன்று பரிசு: 2014 பதிப்பின் விதிப்படி, தேவைப்படும்போது 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பரிசு அறிவித்துப் பாருங்கள், எழுத ஆள் தானாக வரும்.

19. தானே எழுதிக்கொடுக்கும் மென்பொருளை நம்பலாமா? ஓபன்ஏஐ 2022-இல் இலவசமாக வெளியிட்ட ‘விஸ்பர்’ தமிழையும் கேட்டு எழுதும். ஆனால் நாம் பேசுவது தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு, நடுவில் மந்திரங்களின் பெயர், ஊர் பெயர், பூதங்களின் பெயர். அவை கண்டபடி வரும். தனித்தனி ட்ராக்காகக் கொடுத்தால் யார் பேசியது என்பதாவது தெளிவாக இருக்கும். சுருக்கம் எழுதுகிறவருக்குக் கைத்தாங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பதிலாக அல்ல.

20. ஃபைல் பெயரை வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் வையுங்கள்: 2026-01-18 என்று ஆரம்பித்தால் எல்லாம் தானாக வரிசையில் நிற்கும். ‘புதுசு’, ‘கடைசி’, ‘நிஜமான கடைசி’ எல்லாம் வேண்டாம்.

21. யூடியூபில் போடுவதானால் ‘அன்லிஸ்டட்’ என்று வையுங்கள். தேடலில் வராது. ஆனால் லிங்க் கையில் இருக்கும் யாரும் கேட்கலாம், அதை மறக்கக் கூடாது. போன் எண் கொடுத்துச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. வெறும் ஆடியோவும் ஏறாது, ஏதாவது ஒரு படத்தோடு சேர்த்து வீடியோவாக்க வேண்டும். விளக்கத்தில் 0:00-இலிருந்து தொடங்கி மூன்று நேரக் குறிப்பாவது எழுதினால் அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். 18-ஆம் குறிப்பில் எழுதியதை அப்படியே ஒட்டினால் வேலை முடிந்தது.

22. சண்டைக் காட்சிக்கு இளையராஜா, ரஹ்மான் பின்னணி இசையை ஓடவிட ஆசை வரும். நமக்குள் கேட்டுக்கொள்ளலாம், ரெக்கார்டிங்கில் கலந்து யூடியூபில் போட்டால் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். இசையை அவரவர் போனில் தனியாகக் கேளுங்கள். வெளியிடும் ரெக்கார்டிங்குக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைப்பதை எடிட்டிங்கில் சேருங்கள்.

புத்தகங்களும் அப்படித்தான். விலைக்கு வாங்கிய கதைப் புத்தகத்தின் பக்கங்களை ஸ்கேன் செய்து ரெக்கார்டிங்கோடு அனுப்பாதீர்கள். விதிகள் மட்டும் வேண்டுமானால், டி அண்ட் டியின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. பெயர் குறிப்பிட்டு யாரும் பகிரலாம்.

23. முதல் ரெக்கார்டிங்குக்கு வருடக்கணக்கில் ஓடும் பெருங்கதையை எடுக்காதீர்கள். ஓரிரு நாளில் முடியும் சின்னக் கதை போதும். 2022-இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பில் அப்படி 13 தனிக்கதைகள் இருக்கின்றன. வழக்கமான ஐரோப்பியக் கோட்டைகளை விட்டு, பல நாட்டு மரபுகளிலிருந்து அந்தந்தப் பின்னணி கொண்டவர்களே எழுதியவை. மிமி மண்டல் எழுதிய ‘மணிவர்ஷா’ கதையில் வங்கத்து ஆறும் மூடுபனியும் இருக்கும். தொகுப்பை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவரான அஜித் ஜார்ஜுக்கு நம் மாநிலத்தோடு தொடர்பு உண்டு: ஓசூர் பக்கம் பாலிகானப்பள்ளியில் அவர் தந்தை ஆபிரகாம் ஜார்ஜ் 1997-இல் தொடங்கிய சாந்தி பவன் பள்ளியின் நிர்வாகத்தில் பணியாற்றியவர்.

24. மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்க ஆசையா? 2015-இலிருந்து ஓடும் ‘கிரிட்டிக்கல் ரோல்’ எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அதைக் கேட்டுவிட்டு நம் ரெக்கார்டிங்கைக் கேட்டு மனம் தளரக் கூடாது. தெற்காசியக் கதைமரபு வேண்டுமானால் ஜாஸ்மின் புல்லரும் சந்தீப் பாரிக்கும் உருவாக்கிய ‘தேசிக்வெஸ்ட்’ இருக்கிறது.

25. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தரைத்தள மேசையின் கீழ் டிராயரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எந்தப் பாதுகாப்பும் அல்ல. கூகுள் டிரைவில் இலவசமாக 15 ஜிபி உண்டு. எம்பி3-களை அங்கே போட்டுவையுங்கள். இல்லையென்றால் சிங்கப்பூர் அத்தை பையனிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

26. குழுவிலிருந்து விலகிய ஒருவர் ‘என் குரலை எடுத்துடுங்க’ என்றால் வாதம் செய்யாமல் எடுத்துவிடுங்கள். தனி ட்ராக்குகள் கையில் இருந்தால் அவருடையதை மட்டும் ஊமையாக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வது சின்ன வேலை. யூடியூபில் அதே லிங்க்கில் வீடியோவை மாற்ற வழியில்லை. பழையதை அழித்து, புதியதை ஏற்றி, புது லிங்க்கை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். சுருக்கத்தில் அவர் பெயர் வரும் இடங்களில் கேரக்டர் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.